வாய் ஜெபிக்கிறது, மனம் பஸ் நேரத்தை எண்ணுகிறது

கேள்வி: எனக்கு வயது 41. அருமனைப் பக்கம் எங்கள் வீடு. கணவர் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர். நான் அண்டி ஆபீசில், அதாவது முந்திரிப்பருப்பு ஆலையில், தொலி உரிக்கிறேன். ஏழு மாதத்துக்கு முன் அவருக்கு உணவுக்குழாயில் புற்றுநோய் என்று சொன்னார்கள். திருவனந்தபுரத்தில் சிகிச்சை நடக்கிறது. நான்கு கீமோ முடிந்தது, இன்னும் இரண்டு உண்டு. விடியுமுன் புறப்பட்டு, களியக்காவிளையில் பஸ் மாறிப் போய், இரவில்தான் வீடு திரும்புகிறோம்.

சிறு வயதிலிருந்து ஜெபத்தில் வளர்ந்தவள் நான். இப்போது என்னால் ஜெபிக்க முடியவில்லை. கண்ணை மூடினால் அடுத்த பஸ் எத்தனை மணிக்கு, ஸ்கேனுக்கு எவ்வளவு, வட்டிக்காரருக்கு என்ன பதில் என்பதுதான் வருகிறது. சபையிலிருந்து வாரந்தோறும் ஜெபக்குழு வருகிறது. வீட்டில் மறைவான பாவம் இருக்கிறது, அதனால்தான் சுகம் தாமதிக்கிறது என்கிறார் ஒருவர். மருந்தை நிறுத்திவிட்டு 40 நாள் உபவாச ஜெபத்துக்குக் கூட்டிவரச் சொல்கிறார் இன்னொருவர். பக்கத்து வீட்டு அக்கா இவருக்காக மண்டைக்காட்டம்மனுக்கு நேர்ந்திருக்கிறார். அது கர்த்தருக்குக் கோபம் உண்டாக்கும் என்றும் சொல்கிறார்கள். மாமியார் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்கர்); கையில் எந்நேரமும் ஜெபமாலை. ஆஸ்பத்திரிக்குப் போகும் நாட்களில் நான் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் உபவாசம் இருக்கிறேன். போன தடவை களியக்காவிளை பஸ் நிலையத்தில் மயங்கி விழுந்துவிட்டேன். இரவில் கணவர் என் கையைப் பிடித்து ஜெபிக்கச் சொல்லும்போது பழகிய வார்த்தைகளைச் சொல்கிறேன். நடிக்கிறேன் என்று எனக்கே தெரிகிறது. சில ராத்திரி, காலையில் கண் விழிக்காமலே போனால் நல்லது என்று இருக்கிறது. என் விசுவாசம் செத்துவிட்டதா?

– பெயர் வேண்டாம், அருமனை

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கடைசியாகக் கேட்டது விசுவாசத்தைப் பற்றி. அதற்கு முந்தைய வரியிலிருந்து நான் தொடங்குகிறேன். காலையில் கண் விழிக்காமல் போனால் நல்லது என்று எழுதியிருக்கிறீர்கள். புற்றுநோய்ப் பிரிவில் ஆலோசகராக உட்கார்ந்த ஆண்டுகளில் இந்த வாக்கியத்தை நோயாளிகளிடம் கேட்டதைவிட அவர்களோடு துணைக்கு வந்தவர்களிடம்தான் அதிகம் கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் அது சாக ஆசைப்படும் பேச்சல்ல. ஒரு நாளாவது எல்லாவற்றையும் இறக்கிவைக்க ஆசைப்படும் பேச்சு. ஆனால் எப்போதும் அப்படித்தான் என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். உங்களை நீங்களே முடித்துக்கொள்ளும் யோசனை எப்போதாவது வந்திருந்தால், இதைப் படித்து முடிக்கும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம். நம்பிக்கையான ஒருவரிடம் இப்போதே சொல்லுங்கள். 14416 என்ற எண்ணை அழையுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் அது. கட்டணம் இல்லை, இரவும் பகலும் தமிழிலேயே பேசலாம். அப்படி யோசனை எதுவும் இல்லை, வெறும் களைப்புத்தான் என்றாலும், அடுத்த முறை ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் கணவருடைய ரிப்போர்ட்டை நீட்டும்போது, “எனக்கும் உடம்பு சரியில்லை, தூக்கம் இல்லை, மயங்கி விழுந்தேன்” என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் போய், எதிலும் மனம் ஒட்டாமல் இருந்தால் அதற்கு மனச்சோர்வு நோய் என்று பெயர். அதற்கு மருந்து உண்டு. அந்த மாத்திரையைப் போடுவதும் இரத்தச்சோகைக்கு மாத்திரை போடுவதும் ஒன்றுதான்.

இனி விசுவாசம். நீங்கள் வேதாகமம் தெரிந்தவர் என்பதால் உங்களுக்குத் தெரிந்த ஒரு கதையைச் சொல்கிறேன். ஞாயிறு பள்ளியில் நமக்கு அதைப் பாதிதான் சொல்லிக்கொடுத்தார்கள். எலியா கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினியை இறக்கியதை எல்லாருக்கும் தெரியும். அதற்கு அடுத்த அதிகாரத்தில், அதாவது 1 இராஜாக்கள் 19இல், அதே எலியா வனாந்தரத்தில் ஒரு நாள் வழி நடந்து ஒரு சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்கிறார். நீங்கள் ராத்திரியில் நினைப்பதைத்தான் அவர் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார். அதற்குப் பதில் என்ன வருகிறது? கண்டிப்பு இல்லை. நேற்று அக்கினியைப் பார்த்தவனுக்கு இன்று விசுவாசம் எங்கே போயிற்று என்ற விசாரணையும் இல்லை. அவர் தூங்குகிறார். தூதன் தட்டி எழுப்புகிறான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் இருக்கின்றன. சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துத் தூங்குகிறார். மறுபடியும் தூதன் வந்து எழுப்பி, “எழுந்திருந்து போஜனம்பண்ணு, நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்” என்கிறான். மெல்லிய சத்தத்தில் தேவன் பேசியது அதற்கும் 40 நாள் கழித்து, ஓரேப் மலையில். முதலில் சாப்பாடு, தூக்கம், மறுபடி சாப்பாடு. பேச்சு பிறகு.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்தியது அந்த உபவாசம். அதிகாலையில் எழுந்து, மெலிந்துபோன ஒரு மனிதரைத் தாங்கிப் பிடித்து பஸ் ஏற்றி, டோக்கன் எடுத்து, வரிசையில் நின்று, மலையாளத்தில் சொல்வதைப் புரிந்துகொண்டு, இரவில் திரும்பும் பெண் அன்று முழுக்கத் தண்ணீர்கூட இல்லாமல் இருக்கிறார். விழாமல் இருந்தால்தான் ஆச்சரியம். வெறும் வயிற்றில், தூக்கமில்லாத மூளையில் மனம் ஒருமுகப்படாது. ஜெபம் வராமல் போனதற்குப் பாதிக் காரணம் இதுதான் என்பது என் கணிப்பு. உபவாசத்தை நான் குறை சொல்லவில்லை. அதற்கு வேறு காலம் வரும்.

கண்ணை மூடினால் பஸ் நேரமும் ஸ்கேன் கட்டணமும்தான் வருகின்றன என்கிறீர்கள். வரட்டும். அதையே சொல்லுங்கள். “ஆண்டவரே, ஐந்தேகால் பஸ்ஸை விட்டால் டோக்கன் கிடைக்காது. ஸ்கேனுக்குப் பணம் குறைகிறது. வட்டிக்காரர் ஞாயிற்றுக்கிழமை வருகிறார்.” இது ஜெபமாகத் தோன்றாததற்குக் காரணம், நாம் ஆலயத்தில் கேட்டுப் பழகிய ஜெபங்கள் எல்லாம் ஸ்தோத்திரத்தில் தொடங்கி ஸ்தோத்திரத்தில் முடிகின்றன. ஆனால் 150 சங்கீதங்களை எடுத்துப் பாருங்கள். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு முறையீடு. 13ஆம் சங்கீதம் எதுவரைக்கும், எதுவரைக்கும் என்று நான்கு தடவை கேட்கிறது. 88ஆம் சங்கீதமோ கடைசி வரி வரைக்கும் இருட்டிலேயே இருந்து இருட்டிலேயே முடிந்துவிடுகிறது. ஆறுதலாக ஒரு வரிகூடப் பின்னால் ஒட்டப்படவில்லை. அதையும் யாரோ பாடி, யாரோ பாதுகாத்து, வேதத்தில் சேர்த்துவைத்திருக்கிறார்கள். ராத்திரியில் கணவர் கையைப் பிடிக்கும்போது சொந்த வார்த்தை வராவிட்டால் இந்த 13ஆம் சங்கீதத்தைப் பார்த்து வாசியுங்கள். ஆறே வசனம். நடிக்க வேண்டியதில்லை.

இன்னும் ஒன்று முயன்று பார்க்கலாம். “எனக்கு இப்போது ஜெபம் வரவில்லை, நீங்கள் சொல்லுங்கள், நான் கூட இருக்கிறேன்” என்று அவரிடமே சொல்லிவிடுங்கள். நோயாளிகளிடம் எல்லாரும் தைரியமாக நடிக்கும்போது அவர்கள் தனியாகிவிடுகிறார்கள். அவருக்கும் உள்ளே ஒரு பயம் இருக்கும். உங்கள் கலங்காத குரலைக் கேட்டு அதைச் சொல்லாமல் விழுங்கிக்கொண்டிருக்கலாம். வார்டில் ஒரு கணவனும் மனைவியும் மாறி மாறி எனக்குப் பயமாயிருக்கிறது என்று சொல்லிக்கொண்டு அழுததைப் பார்த்திருக்கிறேன். அழுது முடித்துவிட்டு இரண்டு பேரும் சாயா குடிக்கப் போனார்கள். அங்கிருந்த மலையாளி நர்ஸ் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, “சாரமில்லா”, பரவாயில்லை, என்று மட்டும் சொன்னார்.

மறைவான பாவம் பற்றிச் சொன்னவரிடம் எனக்கு வருத்தம் உண்டு, மறைக்கவில்லை. யோபுவின் சிநேகிதர்கள் சொன்னதும் இதுதான். அவர்கள் வந்து ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரைக்கும் நல்ல சிநேகிதர்கள். வாயைத் திறந்த பிறகுதான் கெடுத்தார்கள். கடைசி அதிகாரத்தில் கர்த்தர் கோபித்தது யோபுவின்மேல் அல்ல, விளக்கம் சொன்ன சிநேகிதர்கள்மேல். மருத்துவமும் இதைப் பார்த்திருக்கிறது. 2001இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், 55 வயதும் அதற்கு மேலும் ஆன 596 நோயாளிகளை இரண்டு ஆண்டு தொடர்ந்து கவனித்தார்கள். தேவன் என்னைக் கைவிட்டுவிட்டார், என்மேல் அவருக்கு அன்பில்லை என்ற எண்ணத்தோடு போராடியவர்களிடையே மரண அபாயம் சற்றுக் கூடுதலாக இருந்தது. நோயின் கடுமையையும் மற்ற காரணங்களையும் கணக்கில் எடுத்த பிறகும் அந்த வித்தியாசம் இருந்தது. அதனால் தண்டனைப் பேச்சு உங்கள் கணவரின் கட்டில் பக்கத்தில் வரவே கூடாது என்பது என் திட்டமான கருத்து. உணவுக்குழாய்ப் புற்றுக்குப் புகையிலை, மது, பாக்கு ஆகியவை அபாயத்தைக் கூட்டும். இவை எதையும் தொடாதவர்களுக்கும் அது வருகிறது. உங்கள் வீட்டுப் பாவத்தைத் தேடி அது வரவில்லை.

அந்தக் குழுவை வீட்டுக்கு வரவேண்டாம் என்று நீங்கள் சொல்ல முடியாது, ஊர் அப்படி. ஆனால் போதகரிடம் போய், “பத்து நிமிடம் பாடி, ஒரு சங்கீதம் வாசித்துவிட்டுப் போகட்டும், விளக்கம் வேண்டாம்” என்று கேட்கலாம். நிதானமான போதகராக இருந்தால் அவரே பார்த்துக்கொள்வார்.

மருந்தை நிறுத்தச் சொல்வதற்கு ஒரே பதில்தான்: கூடாது. ஒரு கீமோவுக்கும் அடுத்த கீமோவுக்கும் இடையில் விடும் நாட்கள் நல்ல அணுக்கள் தேறுவதற்கான அளவு அவகாசம். அதற்கு மேல் நீட்டினால் தேறுவது புற்று அணுக்கள்தான். தொண்டையில் இறங்காமல் ஏற்கெனவே எடை குறைந்துகொண்டிருக்கும் மனிதரை 40 நாள் உபவாசத்தில் உட்காரவைப்பது உயிருக்கே ஆபத்து. அவர்கள் வேதத்தைக் காட்டினால் நீங்களும் காட்டலாம். எசேக்கியா ராஜா மரணப்படுக்கையில் சுவரைப் பார்த்துத் திரும்பி அழுது ஜெபிக்கிறார். உன் விண்ணப்பத்தைக் கேட்டேன், உன் கண்ணீரைக் கண்டேன் என்று பதில் வருகிறது. அவ்வளவு தெளிவான வாக்குக் கிடைத்த பிறகும், அத்திப்பழத்து அடையைக் கொண்டுவந்து கட்டியின்மேல் போடுங்கள் என்று ஏசாயா தீர்க்கதரிசி சொல்கிறார். மருந்து போட்டார்கள். நம் மாவட்டத்துக்கே தெரிந்த உதாரணமும் உண்டு. 1922இலும் 1924இலும் எவரெஸ்ட் ஏறப் போன டாக்டர் சாமர்வெல் பல ஆண்டுகள் நம் நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் அறுவை மருத்துவராக இருந்தார். ஆழ்ந்த விசுவாசி. ஊழியம் செய்ய வந்தவர் கையில் கத்தியோடுதான் நின்றார்.

ஜெபித்தால் நோய் தீருமா என்று நேராகக் கேட்பவர்களிடம் நானும் நேராகவே பேசிவிடுவேன். 2006இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், அமெரிக்காவில் இதய அறுவைக்குப் போன 1,802 பேரில் சிலருக்காக முன்பின் தெரியாதவர்கள் ஜெபித்தார்கள். அறுவைக்குப் பின் வந்த சிக்கல்கள் அதனால் குறையவில்லை. தேவனைத் தராசில் நிறுத்தும் வேலை அது. அந்தத் தராசில் அவர் ஏறவில்லை என்று நான் எடுத்துக்கொண்டேன். உங்களுக்கு வேறு விதமாகத் தோன்றலாம்.

எனக்கு இதில் தெளிவு தந்தது வேறோர் இடம். உங்கள் மாமியாரிடம் கேட்டால் விவரமாகச் சொல்வார். புனிதர் தேவசகாயம் நட்டாலத்துக்காரர். 1745இல் ஞானஸ்நானம் பெற்றவர். அதற்காக அவரைக் கட்டி இழுத்துச் சென்ற வழியில், தாகத்தில் ஜெபித்து முழங்கையால் இடித்தபோது பாறையில் தண்ணீர் வந்தது என்பது நம்பிக்கை. புலியூர்க்குறிச்சியில் அந்த முட்டிடிச்சான் பாறைக்கு இன்றும் ஆட்கள் போகிறார்கள். அதே மனிதரை 1752 ஜனவரியில் ஆரல்வாய்மொழிக்குப் பக்கத்தில் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். தாகத்துக்குத் தண்ணீர் கேட்டவருக்குக் கிடைத்தது. துப்பாக்கிக் குண்டு விலகவில்லை. நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை); புனிதர்களிடம் வேண்டும் பழக்கம் இல்லாத வீட்டில் வளர்ந்தவள். ஆனாலும் அந்தப் பாறை எனக்குப் பிடிக்கும். அவருக்குக் கிடைத்தது அன்றைய நடைக்கான தண்ணீர். காற்றாடிமலைவரைக்கும் நடக்க அதுவும் இல்லாமல் முடியாது அல்லவா?

என் அப்பா படுத்திருந்த கடைசி மாதத்தில் எனக்குக் கர்த்தருடைய ஜெபமே பாதியில் நின்றுபோனது. நூறு பேருக்கு ஆலோசனை சொன்னவள், எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும் என்ற இடத்தில் வந்து, அதற்கு மேல் போகமுடியாமல் தடுமாறினேன். சித்தம் செய்யப்படுவதாக என்று அதற்கு முன்னால் சொன்னதும் பொய்யாகத்தான் இருந்தது. கொஞ்ச நாள் அந்த ஒரு வரியை மட்டுமே வைத்துக்கொண்டேன். இன்று என்ற சொல்லை அதற்கு முன் நான் கவனித்ததே இல்லை. அடுத்த மாதத்துக்குத் தாரும் என்று அதில் இல்லை. அப்பா பிழைக்கவில்லை. ஆனால் அவரைக் குளிப்பாட்டவும், ராத்திரி இரண்டு மணிக்குத் திருப்பிப் படுக்கவைக்கவும் அந்தந்த நாளுக்கு வேண்டியது எங்கிருந்தோ வந்தது; சில நாள் ஒரு சித்தி உருவத்தில், சில நாள் மூன்று மணி நேரத் தூக்கமாக.

அதனால் நீங்களும் பெரிய ஜெபத்தை விட்டுவிட்டு ஒரு வரியைப் பிடித்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் மூச்சு உள்ளே போகும்போது “ஆண்டவரே”, வெளியே வரும்போது “இன்றைக்கு மட்டும்”. இல்லாவிட்டால் மாமியார் ஜெபமாலை சொல்லும்போது பேசாமல் பக்கத்தில் போய் உட்காருங்கள். சொல்லத் தேவையில்லை, அந்தச் சத்தம் போதும். இத்தாலியில் செய்து 2001இல் வெளியான ஓர் ஆய்வு, ஜெபமாலை சொல்லும்போது மூச்சு நிமிடத்துக்கு ஆறு என்ற அளவுக்கு நிதானப்படுவதைக் காட்டியது. யோக மந்திரம் சொன்னபோதும் அப்படியே நடந்தது. கிழவிகளுக்கு ஆய்வு இல்லாமலே இது தெரிந்திருக்கிறது.

பக்கத்து வீட்டு அக்கா மண்டைக்காட்டில் நேர்ந்ததற்காகக் கர்த்தர் கோபிப்பார் என்று நான் நம்பவில்லை. அந்த அக்கா தனக்குத் தெரிந்த வாசலில் போய் உங்கள் கணவருக்காக நின்றிருக்கிறார். அவ்வளவுதான். அவரிடம் வேறொன்று கேளுங்கள்: ஆஸ்பத்திரி நாளில் வீட்டுக்கு ஒரு வேளை கஞ்சி. நேர்ந்தவர் அதை மறுக்க மாட்டார்.

வலி, வாந்தி, விழுங்க முடியாமை இவற்றுக்குப் பாலியேட்டிவ் பிரிவை, அதாவது வேதனையைத் தணிக்கும் சிகிச்சைப் பிரிவை, இப்போதே கேளுங்கள். கடைசி நாட்களுக்கு மட்டும்தான் அது என்பது தவறான எண்ணம். 1993இல் கோழிக்கோட்டில் சிறிதாகத் தொடங்கியது, 2008இல் கேரள அரசின் கொள்கையாகவே ஆனது. அதனால் திருவனந்தபுரத்தில் கேட்டால் உடனே வழிகாட்டுவார்கள். நம் பக்கத்தில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கும் நர்ஸ் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துவையுங்கள். பண விஷயத்துக்கு ஆஸ்பத்திரியின் சமூகப் பணியாளரைப் பாருங்கள். வட்டிக்காரருக்குச் சொல்லும் பதிலை அந்தப் பணியாளரோடு உட்கார்ந்து யோசிக்கலாம்.

அடுத்த கீமோவுக்கு முந்தைய ராத்திரி அந்த அக்காவிடம் சொல்லிவையுங்கள். கணவருக்குக் குழைய வேகவைத்த கஞ்சி ஒரு ஃபிளாஸ்கில். உங்களுக்கு வாழை இலையில் பொதிந்த சோறு, கூட ஒரு பாட்டில் தண்ணீர். களியக்காவிளையில் இறங்கியதும் அடுத்த பஸ்ஸைத் தேடி ஓட வேண்டாம். நிழலாக ஓரிடத்தில் அவரை உட்காரவைத்து, பொதியை அங்கேயே பிரித்துவிடுங்கள்.